பேரரசனின் நகங்கள்

மேஜை விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், மேடம். வலக்கையால் எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிற கையின் நிழலே எழுத்தின் மேல் விழுந்து கண்ணைக் கெடுத்துவிடும். இருபத்தெட்டு வருஷம் குனிந்து உட்கார்ந்து படம் போட்டவன் சொல்கிறேன். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். எங்கேயாவது வேகமாகப் போனால் கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

சிறுவர் வார இதழ் ஒன்றில் படக்கதை போடுவது என் வேலை. கதையும் நானே, படமும் நானே, பலூனுக்குள் பேச்சு எழுதுவதும் நானே. இதழின் நடுவில் நான்கு பக்கம், வாராவாரம். என் வில்லனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் நிச்சயம் தெரிந்திருக்கும். ஒன்பது நிலவுகளின் பேரரசன். நான்கு கண், இரட்டைத் தாடை, காதுவரை ஏறின கவசம். வாரம் ஒரு கிரகத்தைப் பிடிப்பான். அவன் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. அவன் சிரிக்கும்போது சிரிக்க மறந்தவனுக்கு நாக்கு இருக்காது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் தன் கையால் ஒருத்தரையும் அடித்ததில்லை. எல்லாம் ஆள் வைத்துத்தான். அது நான் அவனுக்கு வைத்த லட்சணம்.

அவனை எதிர்க்க ஒரு விண்வெளி வீரன் உண்டு. நல்ல பையன், உப்புச்சப்பில்லாதவன். குழந்தைகள் எழுதுகிற கடிதமெல்லாம் பேரரசனுக்குத்தான் வரும். எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: "வீரன் செத்தா பசங்க ஒரு வாரம் அழுவாங்க. உங்க ராஜா செத்தா நாம ஷட்டரை இழுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." மனிதருக்கு வாய் ஜாஸ்தி. சொன்னது பொய்யில்லை.

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனார்கள். அப்போது எனக்கு இருபத்தொன்று, தங்கைக்கு ஒன்பது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். காய்ச்சலில் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டது நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் பண்ணிக்கொள்ளவில்லை, அதுதான் சரி. அவள் படித்து, ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடி பொருத்துகிற வேலையில் சேர்ந்தாள். அங்கே போகிற பஸ் நின்றுபோன ஒரு நாள், அதைச் சரிபண்ண வந்த மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பெண் கேட்டு அவர் வந்தபோது நான் மறுத்தேனா? இல்லை. மூன்று நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். வயிற்றுக் கோளாறு என்றுதான் தங்கையிடமும் சொன்னேன். நாலாம் நாள் எழுந்து கல்யாண வேலையைப் பார்த்தேன். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரு குறை வைக்கவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். பேருந்துப் பணிமனையில் வேலை. உடம்பெல்லாம் டீசல் வாசனை. பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை இருமுவார். புகையிலேயே நின்று பழகின தொண்டை. எத்தனை சோப்புப் போட்டாலும் நக இடுக்கில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அந்தக் கையோடு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரக் கூச்சப்பட்டு, என் வீட்டுக்கு வந்தால் ஸ்பூன் கேட்பார். அதை நான் கவனித்திருந்தேன். கவனிப்பதுதானே என் தொழில்.

பிறகு குழந்தை பிறந்தது. தங்கைக்கு மாலை ஆறரை வரை வேலை, பள்ளிக்கூடம் இரண்டரைக்கு விட்டுவிடும். நான்தான் போய்க் கூட்டிவருவேன். அவர்கள் வீடு அடுத்த தெரு. என் வீடு மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. என் வரைபலகைக்கு எதிரே அவளுக்கு ஒரு முக்காலி. கால் தொங்கும். நான் பென்சிலில் போட்டுவிட்டு மை ஏற்றும்போது, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். "மாமா, இவன் எதுக்கு இவ்ளோ கெட்டவனா இருக்கான்?" என்று கேட்பாள். "அவனுக்கு யாருமில்லை, அதனாலதான்" என்பேன். "பாவம் மாமா" என்பாள். பேரரசனைப் பாவம் என்று சொன்ன ஒரே வாசகி அவள்தான். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். தங்கையும் கூட வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், எனக்கு ஹெட் மெக்கானிக்கா புரமோஷன் வந்திருக்கு" என்றார், இருமிவிட்டு. "ஆனா வேற ஊரு. பஸ்ல ஏழு மணி நேரம்."

"எப்ப போகணும்?"

"மூணு மாசத்துல. பாப்பாவுக்கு அங்க நல்ல ஸ்கூல் இருக்காம்."

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றேன். அவர்கள் போனதும் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். முக்காலியைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. ஒரு மணி நேரம் அழுதேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று, மேடம். 'நான் அப்பாகூட வரமாட்டேன், மாமாகிட்டதான் இருப்பேன்' என்று குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் தங்கை கிளம்பமாட்டாள். தங்கை கிளம்பாவிட்டால் மாப்பிள்ளை பதவியை விட்டுவிடுவார், இல்லை தனியாகப் போய் வாரம் ஒருமுறை வருவார். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இப்படித்தான் யோசித்தேன். இதில் என்ன கெடுதல் இருக்கிறது என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

அந்த வாரம் பேரரசன் பூமிக்கு வந்தான். படை இல்லை, கப்பல் இல்லை. ஒரு குழந்தையின் அப்பாவை விழுங்கி, அவருடைய உருவத்திலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். அதே சட்டை, அதே குரல், அதே சிரிப்பு. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குக் கதையைப் படித்துக் காட்டினேன். வாயைத் திறந்தபடி கேட்டாள். "அப்பறம் எப்படி மாமா கண்டுபிடிப்பாங்க?" என்றாள்.

"அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் வழி சொன்னேன். ஒன்பது நிலவுக்காரர்களுக்கு இரத்தம் கறுப்பு. எந்த உருவம் எடுத்தாலும் நகத்தின் இடுக்கில் அந்தக் கறுப்பு தெரிந்துவிடும். பேசும் முன் ஒரு தடவை இருமுவார்கள், பூமியின் காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இவ்வளவுதான் எழுதினேன். 'உன் அப்பாதான் அவன்' என்று எங்கேயும் எழுதவில்லை. தேடிப் பாருங்கள், ஒரு வரி இருக்காது.

நான்கைந்து நாளில் தங்கை வந்து புலம்பினாள். "அண்ணா, பாப்பாவுக்கு என்னாச்சுன்னே தெரியல. அவரு தூக்க வந்தா கையைத்தான் பாக்குது. பாத்துட்டு என் பின்னாடி ஒளியுது. நேத்து அவரு ஊட்டி விட்டாரு, அப்படியே துப்பிடுச்சு. அவரு பாத்ரூம்ல போய் உக்காந்துட்டாரு."

"வளர்ற பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும், சரியாயிடும்" என்றேன்.

மாப்பிள்ளை நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்ததும் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம். மண்ணெண்ணெய், சோப்புத்தூள், பழைய பல்துலக்கி. இரத்தம் வரும்வரை தேய்த்தாராம். பிறகு பத்து விரலையும் விரித்துக்கொண்டு வந்து குழந்தைமுன் மண்டி போட்டாராம். "பாரு கண்ணு. அப்பா கை சுத்தமாயிடுச்சு. பாரு."

மறுநாள் அவள் முக்காலியில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "மாமா, நகம் சுத்தமா இருந்தா அது அப்பாதானே?" அந்தக் கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை இதழ் வரட்டும் என்றேன். வியாழக்கிழமைப் பக்கத்தில், மனிதர்கள் தன் நகத்தைப் பார்க்கிறார்கள் என்று பேரரசன் தெரிந்துகொண்டுவிட்டான். தினமும் தேய்க்கத் தொடங்கினான். இரத்தம் வரும்வரை தேய்த்தான்.

அவள் அழவில்லை. பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு முறை அவளே ஒரு சோதனை வைத்தாள். ஆறு வயதுக்கு நல்ல மூளை, எங்கள் பக்கத்து மூளை. "நான் குட்டியா இருக்கறப்ப எங்க விழுந்தேன்?" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் உடனே சொன்னாராம்: "டெப்போ வாசல்ல. முட்டியில மூணு தையல். நீ அழவேயில்ல கண்ணு, நான்தான் அழுதேன்." மறுநாள் பள்ளிக்கூட வாசலிலிருந்து என் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டே வந்தாள். "மாமா, கரெக்டாச் சொல்லிட்டாரு! நெஜ அப்பாதான் மாமா!" அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஊர் மாறுவதற்கு ஏழு வாரம் பாக்கி இருந்தது. அந்த வியாழக்கிழமை பேரரசன், தான் விழுங்கியவரின் ஞாபகங்களையும் சேர்த்தே விழுங்கினான்.

அதன்பிறகு அவள் வீட்டில் அதிகம் பேசவில்லை என்று தங்கை சொன்னாள். அம்மாவை ஒட்டிப் படுத்து, அப்பா பக்கம் தலையணையை அடுக்கி வைத்துக்கொள்வாளாம். மாப்பிள்ளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பணிமனையிலேயே படுக்க ஆரம்பித்தார். தான் இல்லாவிட்டால் குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது என்றாராம். அவ்வளவு நல்லவர்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் தனியாக வந்தார். உள்ளே வந்து உட்காராமல் நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்திருந்தது. கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ராஜா கதை... பாப்பா ரொம்பப் பயப்படுது. ராஜா அப்பாவை முழுங்கிட்டான், நகத்துல கறுப்புன்னு தூக்கத்துல உளறுது."

"ஊர்ல இருக்கற பசங்க எல்லாம் படிக்கிற கதை மாப்பிள்ளை. நம்ம வீட்டுக்காக நிறுத்த முடியுமா?"

"அது சரிதான். நானும் கடையில வாங்கிப் படிச்சேன், நாலு வாரமா. அதுல நகத்தைப் பத்தி ஒண்ணுமே இல்ல மச்சான். அப்பாவை முழுங்கறதுன்னு எதுவுமே இல்ல. பாப்பா தானா கற்பனை பண்ணிக்குது போல. டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு இவ சொல்றா. எனக்குத்தான் மனசு வரல."

"காட்டறதுல தப்பில்ல" என்றேன்.

இங்கேதான் நீங்கள் நேற்று கேட்ட கேள்வி வருகிறது. உங்கள் மேஜையில் இருக்கிற இரண்டு இதழ்களும் ஒரே தேதி, ஒரே அட்டை. கடையில் வாங்கியதில் பேரரசன் ஒரு பனிக் கிரகத்தில் வீரனோடு சண்டை போடுகிறான். குழந்தையிடம் கிடைத்ததில் ஒரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்று கேட்டீர்கள். எங்கள் இதழ் முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு கம்பிப் பின். என் கதை நடுத்தாள். எனக்கு வியாழக்கிழமையே படைப்பாளர் பிரதி வந்துவிடும், கடைக்குச் சனிக்கிழமைதான் வரும். பின்னைக் கட்டைவிரல் நகத்தால் நிமிர்த்தினால் நடுத்தாள் கையோடு வரும். வேறு நான்கு பக்கம் வரைந்து, அதே காகிதத்தில் கலர் பிரதி எடுத்து, அதே துளையில் வைத்து மடக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. மை ஏற்றி, வண்ணம் போட்டு, பிரதி எடுக்க மூன்று நாள் ஆகும். ஆபீஸ் வேலையையும் விடாமல் இதையும் செய்தேன். பன்னிரண்டு வாரம். என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த பக்கங்கள் அவைதான். ஒரே ஒரு வாசகிக்காக.

'இது உனக்கு மட்டும் வருகிற ரகசியச் செய்தி, யாரிடமும் காட்டினால் பேரரசனுக்குத் தெரிந்துவிடும்' என்று சொல்லியிருந்தேன். அவள் காட்டவில்லை. படித்து முடித்ததும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை.

கடைசிப் பக்கங்களை நான் கெட்ட எண்ணத்தில் வரையவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் வரைந்துகொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "மாமா, நெஜ அப்பா எங்க இருக்காரு? அவன் வயித்துக்குள்ளயா? அங்க இருட்டா இருக்குமா? அவருக்குப் பசிக்குமா?" கேட்டுவிட்டுத் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்துப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் கை நின்றுவிட்டது. குழந்தை இப்படி ஏங்கினால் பார்த்துக்கொண்டிருக்க நான் கல்லா? அவளைச் சமாதானப்படுத்தத்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். பேரரசன் கெஞ்ச ஆரம்பித்தால் அவனுக்குப் பலம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது பக்கத்தில் போகக் கூடாது. கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நூறுவரை எண்ண வேண்டும். நூறு முடியும்போது அவன் மறைந்துபோவான், அவன் விழுங்கின அப்பா திரும்பி வருவார்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு நூறு வரைக்கும் தெரியும் மாமா. அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு. நெஜ அப்பா." என் வீட்டு மாடிப்படிகளில்தான் சொல்லிக்கொடுத்தார். அவளைக் கூட்டிப்போக வரும் சாயங்காலங்களில் படிக்கு ஒரு எண்ணாக இறங்குவார்கள். படி தீர்ந்ததும் தெருவில் நடந்துகொண்டே மிச்சத்தை எண்ணுவார்கள். அவள் குரலும் அவர் குரலும் தெருக்கோடிவரை கேட்கும். அந்த ஒரு இதழை மட்டும் அவள் என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பயிற்சி செய்ய வேண்டும் என்றாள்.

நான் நினைத்தது இதுதான்: சாப்பாட்டு மேஜையில் அவர் கெஞ்சுவார், இவள் கண்ணை மூடி எண்ணுவாள், அவர் மனது விட்டுப்போய்த் தனியாக ஊருக்குப் போய்விடுவார். மொட்டைமாடி என் நினைப்பிலேயே இல்லை.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை வந்தார். லீவு போட்டிருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். "மச்சான், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தார். அதற்குள் குழந்தை முக்காலியிலிருந்து இறங்கி, என் பக்கமாகச் சுற்றி, வாசலைத் தாண்டி மேலே ஓடிவிட்டாள். "நீங்க வேலையைப் பாருங்க மச்சான், நான் கூட்டிட்டு வரேன். அப்பறம் பேசலாம்" என்றவர் அவள் பின்னாலேயே படியேறினார்.

எங்கள் மொட்டைமாடியின் நடுவில் ஒரு வெளிச்சக் கிணறு இருக்கிறது. கீழ்வீடுகளுக்குக் காற்று வர விட்ட திறப்பு; மூன்று மாடி ஆழம். மழைக்காகப் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். வெயிலில் வெந்து நொறுங்கின தகடு. கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் மிதிக்கமாட்டோம். ஆறு வயதுக் குழந்தை ஓடினால் தாங்கும். அவள் ஓடினாள், தாங்கியது. அவர் ஓடினார்.

சத்தம் என் அறைக்குக் கேட்டது. பேனாவைக் கழுவி, துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். மை காய்ந்தால் முள் கெட்டுவிடும். இதை முதல் விசாரணையில் சொல்லவில்லை, மறந்துவிட்டேன்.

மொட்டைமாடிக் கதவருகே வந்தபோது முப்பத்திநாலு எண்ணிக்கொண்டிருந்தாள். திறப்புக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தகட்டைத் தாங்கிய இரும்புச் சட்டத்தில் எட்டு விரல்கள் தெரிந்தன. நகங்கள் சுத்தமாக இருந்தன.

"கண்ணு, மாமாவைக் கூப்பிடு" என்றார். "கண்ணு, அப்பாவால முடியல. மாமாவைக் கூப்பிடும்மா." அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐம்பதைத் தாண்டினதும் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். குழந்தை பயத்தில் எண்ணுகிறது என்று நினைத்திருப்பார் போல. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அவளுக்கு எழுபத்தொன்பதுக்கு அப்புறம் எப்போதும் தடுமாறும். அன்றைக்கும் எழுபத்தொன்பது என்று சொல்லிவிட்டு நின்றாள். திரும்பவும் எழுபத்தொன்பது என்றாள்.

"எண்பது, கண்ணு" என்றார் அவர், உள்ளேயிருந்து.

அவள் எண்பது, எண்பத்தொன்று என்று தொடர்ந்தாள். எண்பத்தாறிலோ ஏழிலோ விரல்கள் இல்லை. எண்பத்தொன்பதில் மறுபடி நின்றாள். எடுத்துக்கொடுக்க ஆளில்லை. நின்றுகொண்டே இருந்தாள். அவள் கண்ணைத் திறந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"தொண்ணூறு" என்றேன் நான்.

கதவிலிருந்து திறப்புக்குப் பதினோரு எட்டு. தூரத்தைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவன் நான். தரையில் கிடந்த கயிறு, துணி காயப்போடும் கம்பி, எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. நான் ஓடினால் அவள் பயந்து தகட்டின்மேல் திரும்பக் கால்வைத்துவிடுவாள், அதனால்தான் அசையவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். போயிருக்கலாம். முப்பத்திநாலிலேயே போயிருக்கலாம். போகவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நூறு முடிந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அப்பா வந்துட்டாரா?"

"வருவாரு" என்றேன். சுற்றிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் பாவாடைப் பையிலிருந்து பிஸ்கட் தூள் என் சட்டையில் கொட்டியது.

எல்லாரும் விபத்து என்றார்கள். இறுதிக் காரியத்தை எல்லாம் நான்தான் நின்று செய்தேன். அழுதேன், மேடம், நடிப்பில்லை. ஒன்பதாம் நாள் தங்கை தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியபோது அந்த இதழ் கிடைத்திருக்கிறது. கடையிலிருந்து அதே இதழை வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நூலளவு வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு, தொழில் அப்படி.

உங்களிடம் வருவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள். கத்தவில்லை. "அண்ணா, ரெண்டுமே உன் கைதான்" என்றாள்.

"அவரு அன்னைக்கு எதுக்கு வந்தாருன்னு தெரியுமா உனக்கு? அண்ணன் தனியா கெடப்பாரு, அவரையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு சொல்ல வந்தாரு. அங்க பெரிய வீடாத் தேடிப் பிடிச்சாரு. படம் போடறவங்களுக்கு வடக்கால ஜன்னல் வேணுமாமேன்னு, ஜன்னல் பாத்துப் பாத்து வீடு தேடினாரு அண்ணா." தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையைத் தொடப் போனேன். தள்ளி உட்கார்ந்தாள்.

அதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டிய விஷயமா அது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பின்னைத் தொட்டிருக்கவே மாட்டேன். நல்லவர்தான், ஆனால் நேரத்துக்குப் பேசத் தெரியாது.

குழந்தை இப்போது அவள் அத்தை வீட்டில், அப்பாவின் அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே நன்றாகச் சாப்பிடுகிறாளாம், தூங்குகிறாளாம். சந்தோஷம். நான் எழுதின கடிதத்தை அவர்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதுவும் போகட்டும். ஆனால் இத்தனை நாளில் என்னைப் பற்றி அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அவளாக அப்படி இருக்கமாட்டாள். மாமா கெட்டவர், பக்கத்தில் போகக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் போய் இப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்க மனிதர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.